ஏட்டில் ஏறிய பெயர்கள்: நீலகிரியில் தனிமனித விவரங்களின் வரலாறு

நீலகிரியில் தனிமனிதர்களைப் பற்றிய விவரங்களை எழுதிவைக்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ இருநூறு வயது. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வருவதற்கு முன்பு, மலைமக்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மலைமக்களின் நினைவிலேயே இருந்தன. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து தந்ததோடு சாவுச் சடங்குகளில் இசைத்தனர். படுகர் தானியம் அளந்தனர். குறும்பரும் இருளரும் காட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தனர். இந்தக் கொடுக்கல் வாங்கல் குறிப்பிட்ட குடும்பங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நடந்ததால், ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்பு, கல்யாணம், கடன், சண்டை எல்லாம் மற்றதற்குத் தெரிந்திருக்கும். ஒருவரைப் பற்றி அறிந்தவரை அவரும் அறிந்திருந்தார் என்பதே அந்த ஏற்பாட்டுக்குக் காவலாக இருந்தது.

எழுத்து வந்ததும் இது மாறியது. எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் இன்னொருவர். ஏடு எழுதுபவரிடமே தங்கியது. ஒரு காரியத்துக்கென்று கேட்டு வாங்கிய விவரம், கொடுத்தவருக்குத் தெரியாமல் வேறொரு காரியத்துக்குப் போவதும் அப்போதே தொடங்கிவிட்டது. முகநூல், வாட்ஸ்அப் போன்ற சமூக ஊடக நிறுவனங்கள் மீது இன்று மக்கள் எழுப்பும் கேள்வி இதுவேதான். அந்தக் கேள்விக்கு இந்த மலையில் நீண்ட முன்கதை உண்டு.

தொடக்கத்தில் விவரம் சேர்த்தவர்கள் ராணுவ அதிகாரிகளும் நில அளவைக்காரர்களும் பாதிரிமார்களும். 1832-ல் கேப்டன் ஹார்க்னஸ் தோடரைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1847-ல் கேப்டன் ஆக்டர்லோனி மலை முழுவதையும் அளந்து அறிக்கை தந்தார். 1868-ல் நீலகிரி தனி கமிஷனரின் கீழ் வந்தது. முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் மலையின் பழங்குடிகளைப் பற்றியும் பழஞ்சின்னங்களைப் பற்றியும் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1873-ல் அச்சாயிற்று. 1871 முதல் பத்தாண்டுக்கொரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு 1880-லும், பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் 1908-லும் வந்தன. சென்னை மாகாணத்தின் 1901 கணக்கெடுப்பை நடத்தியவரும் இதே பிரான்சிஸ்தான். மக்களை எண்ணியவரும் மாவட்டத்தின் வரலாற்றை எழுதியவரும் ஒருவராகவே இருந்தது அன்றைய ஆட்சியில் வியப்பான செய்தி அல்ல. எண்ணுவது, எழுதுவது, ஆள்வது மூன்றும் அப்போது ஒரே வேலையின் பகுதிகள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் வந்தபோது விவரம் சேர்ப்பது உடலைத் தொட்டது. தோடரையும் கோத்தரையும் பற்றிய அவருடைய மானுடவியல் வெளியீடு 1896-ல் வந்தது. தலையின் நீளம், மூக்கின் அகலம், நின்ற உயரம் என்று கருவிகளால் அளந்து அட்டவணை போட்டார். இதே அளவீட்டுக் கலையைக் குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காகக் காவல்துறையினருக்கும் அவர் கற்பித்தார். அளக்கப்பட்டவர்களின் அச்சத்தை அவரே தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய தம் பெருநூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம்; தங்களில் நல்ல உருவம் உள்ளவர்களைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏதோ பழைய வழக்கில் தேடப்பட்டுவந்த ஓர் இருளர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்கவிட மறுத்தார். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகச் சொல்கிறார். ஆனால் அந்த இருளரின் கணக்கில் பிழை இல்லை. அளப்பவரும் அரசாங்கம், தேடுபவரும் அரசாங்கம். ஓர் அலுவலகத்தில் கொடுத்த அளவு இன்னோர் அலுவலகத்துக்குப் போகாது என்று அவருக்கு உறுதி சொல்ல எந்தச் சட்டமும் அன்று இருக்கவில்லை.

இந்த வரலாற்றில் மிக நுட்பமான நிகழ்ச்சி மந்து எனப்படும் தோடர் சிற்றூர்களில் நடந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளருமான டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-ன் பிற்பகுதியிலும் 1902-ன் தொடக்கத்திலும் சில மாதங்கள் தோடரிடையே வேலை செய்தார். மனித சமூகத்தை அறிய அவர் கண்ட வழி வம்சாவளி. ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், யார் யாரை மணந்தார், யார் எப்போது இறந்தார் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதி, அவற்றைக் கோத்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் உறவு முறையும் மக்கள்தொகையும் திருமண விதிகளும் புலப்படும் என்பது அவர் முறை. மானுடவியலில் இந்த முறை பின்னர் பெரும் புகழ் பெற்றது. தோடர் அப்போது மொத்தம் சுமார் 800 பேர். ஏறத்தாழ முழுச் சமூகத்தையும் பெயரோடு ஏட்டில் ஏற்ற முடிகிற அளவு அது.

ஆனால் தோடரிடையே பெயர் எளிதில் வாய்விட்டுச் சொல்லும் பொருள் அல்ல. இறந்த மூத்தோரின் பெயரை உச்சரிப்பது விலக்கு. உயிரோடிருக்கும் சில உறவினரின் பெயரையும் சொல்லக்கூடாது. தன் பெயரைத் தானே சொல்லவும் தயங்குவார்கள். கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை அந்தக் குடும்பத்தாரிடமிருந்து பெற ரிவர்ஸால் முடியவில்லை. வேறு குடும்பத்தாரிடம் கேட்டே அவர் அதை எழுதிக்கொண்டார். ஒருவர் சொல்ல மறுத்ததை அவரை அறிந்த இன்னொருவர் சொல்லிவிட்டார் என்பதுதான் இதன் பொருள். கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும்போது அதிலுள்ள தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால், அந்தச் செயலியைப் பார்த்தே இராத நூறு பேரின் பெயரும் எண்ணும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இரண்டிலும் உடன்பாடு தந்தவர் ஒருவர், வெளிப்பட்டவர் இன்னொருவர்.

வம்சாவளி இன்னொன்றையும் செய்தது. பெண்சிசுக்கொலை வழக்கம் தங்களிடம் இல்லை என்றே தோடர் சொல்லிவந்தனர். ஆனால் தலைமுறை வாரியாக ஆண்களையும் பெண்களையும் எண்ணிப் பார்த்த ரிவர்ஸ், பழைய தலைமுறைகளில் பெண்கள் மிகக் குறைந்திருந்ததையும் பின்னர் அந்த வேறுபாடு சுருங்கிவந்ததையும் கண்டு, அவ்வழக்கம் இருந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அவரிடம் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர்ப் பட்டியலே அதைக் காட்டிக்கொடுத்தது. தனித்தனியே பார்த்தால் தீங்கற்ற பிறப்பு இறப்புச் செய்திகள் ஒன்றுசேரும்போது, சொன்னவர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடும். அறிவியலுக்கு இது பயன்பட்டது, குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி அது, ஆகவே அந்த ஆய்வைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் தன் பாட்டியின் பெயர் இப்படி ஒரு கணக்கில் சேரும் என்று அறிந்து சொன்னவர் யாரும் அங்கே இல்லை என்பதும் உண்மையே.

ரிவர்ஸ் தங்கியிருந்த காலத்திலேயே நம்பிக்கை உடைந்தது. புனித இடங்களைக் காட்டியவருக்கும் சடங்கின் நுட்பங்களை வெளிப்படுத்தியவர்களுக்கும் நோயும் குடும்பத்தில் சாவும் அடுத்தடுத்து நேர்ந்தன. குறி சொல்பவர்கள் காரணம் கூறினார்கள்: மறைபொருளை அந்நியரிடம் சொன்னதால் தெய்வங்கள் சினந்துவிட்டன. அதன்பின் அவருக்குச் செய்தி சொல்ல ஆளில்லாமல் போயிற்று. இதை ரிவர்ஸ் தம் நூலில் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். 1906-ல் வெளியான அந்த நூலின் இறுதியில் வம்சாவளி அட்டவணைகள் பெயர்களோடு அச்சாயின. வாய்விட்டுச் சொல்லக் கூடாத பெயர்கள் லண்டனில் விற்கப்பட்ட புத்தகத்தில் வரிசையாக நின்றன. அவற்றை ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திவருகிறார்கள். தோடரின் வரலாற்றை அறிய இன்றுவரை அதற்கு இணையான ஆவணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு நூல் பெரும் மதிப்புடையதாகவும், அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை சொன்னவர்களுடையதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

பெயர்களை நீக்கிவிட்டால் போதுமா என்ற கேள்விக்கும் நீலகிரி தெளிவான விடை தருகிறது. லட்சக்கணக்கான மக்களிடையே பெயரற்ற ஒரு விவரம் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம். தோடர் இன்றும் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கோத்தருக்கு மரபாக ஏழு ஊர்களே. இப்படிப்பட்ட சமூகத்தில் ஊர், வயது, தொழில் என்று மூன்று செய்தி சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டோம் என்று நிறுவனங்கள் தரும் உறுதி பெருநகரவாசிக்கு ஓரளவு காப்பு. ஒரு மந்தில் வாழ்பவருக்கு அது காப்பே ஆகாது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இந்த வகையில் ஒரு நல்ல மாற்றம். அதன் 15-ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்ன விவரத்தை மற்றவர் பார்வையிட முடியாது. பெரும்பாலான வழக்குகளில் சாட்சியமாகவும் ஏற்க முடியாது. கேட்பதற்கு அதிகாரம் எடுத்துக்கொண்ட அரசு, கேட்டதைப் பூட்டிவைக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றது. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது மக்கள் தயங்காமல் பதில் சொல்வதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம்.

மலையின் மறுபாதி மக்கள் எஸ்டேட் ஏடுகளின் வழியே வரலாற்றில் நுழைந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காப்பியும், பிறகு தேயிலையும் பரவியபோது, வேலைக்கு ஆட்களைச் சமவெளியிலிருந்து மேஸ்திரிகளும் கங்காணிகளும் அழைத்துவந்தார்கள். தோட்டத்துரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பார்; மேஸ்திரி அதைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்; கடன் கழியும்வரை உழைப்பு. பெயர், தகப்பன் பெயர், ஊர், வாங்கிய தொகை, கைநாட்டு இவ்வளவுதான் அந்த ஏட்டில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தன் பெயருக்கு நேரே என்ன தொகை எழுதியிருக்கிறது என்பது மேஸ்திரி சொன்னால்தான் தெரியும்.

கூலிக் கணக்காகத் தொடங்கிய இந்த ஏடு சட்டத்தின் துணையால் பிடியாணையாக மாறியது. முன்பணம் வாங்கியபின் வேலையைவிட்டுப் போவதைக் குற்றமாக்கிய 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டமும், தோட்டங்களுக்கென்றே வந்த 1903-ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், ஓடிப்போனவரை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வழிசெய்தன. ஆளைத் தேட உதவியது ஏட்டில் எழுதிய ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும்தான். 1893-ல் தொடங்கப்பட்ட உபாசி என்ற தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கத்தின் முக்கியக் கவலைகளில் ஒன்று, முன்பணத்தோடு ஆள் மறைவதே. 1920-களின் பிற்பகுதியில் இரு சட்டங்களும் வழக்கொழிந்தன.

1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின் அதே ஏடு வேறு முகம் காட்டியது. வருகைப் பதிவு, கொழுந்து நிறுவைக் கணக்கு, வருங்கால வைப்புநிதிப் பதிவு எல்லாம் தொழிலாளியின் உரிமைக்குச் சான்றாயின. பணிக்கொடை கேட்பவர் தம் பெயர் எத்தனை ஆண்டு பேரேட்டில் இருந்தது என்று காட்டவேண்டும். பெயர் விடுபட்டால் பணம் இல்லை. எழுதப்படுவதற்கு அஞ்சிய மக்களின் பேரப்பிள்ளைகள் எழுதப்படாமல் போவதற்கு அஞ்சினார்கள். ஏட்டின் குணத்தை மை தீர்மானிப்பதில்லை. அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே தீர்மானிக்கிறது.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் வாழும் தாயகம் திரும்பிய தமிழர்களின் கதையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அவர்களின் முன்னோர் இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்ற சீட்டின் கீழ் வாழ்ந்தவர்கள். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. 1921-ல் இலங்கை அரசு அதை ஒழித்தது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபின், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. தோட்டப் பதிவேடுகளில் பெயர் இருந்ததா, எழுத்து மாறியிருந்ததா என்பதில் ஒரு குடும்பத்தின் நாடு அடங்கியது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974 உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. கப்பலேறி வந்தவர்கள் மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்றார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது; 1976-ல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. வந்தவர்களுக்கு அந்தக் குடும்ப அட்டையும் இந்தியக் கடவுச்சீட்டும் வெறும் தாள்கள் அல்ல. வேலை, வீடு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவற்றையே பற்றி நின்றன. அதனால் இந்தக் குடும்பங்களில் அடையாளத் தாள்களைப் பெட்டியின் அடியில் வைத்துக் காப்பது வழக்கமாயிற்று. தங்களைப் பற்றிய விவரம் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று சொல்ல இவர்களுக்குச் சட்டப் படிப்பு தேவைப்படவில்லை.

அடையாளத் தாளில் முகம் சேர்ந்த வரலாற்றிலும் இந்த மலைக்குப் பங்குண்டு. உதகையில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்புவெள்ளைப் பிலிம்களையும் புகைப்படத் தாள்களையும் நாடு முழுவதற்கும் அனுப்பியது. புகைப்படம் ஒட்டிய வாக்காளர் அட்டை 1993-ல் அறிமுகமானது. பிறகு 2009-ல் ஆதார் ஆணையம் அமைந்து, முகத்தோடு பத்து விரல்களின் ரேகையும் கருவிழிப் பதிவும் மைய ஏட்டில் ஏறின. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வந்தன. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் விரல்ரேகைப் பதிவு தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் உடலுழைப்பு செய்தவர்களின் ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது நாடெங்கும் கண்ட சிக்கல். கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் அதற்கு விலக்கல்ல. 2021-ல் தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகியிருப்பதாக ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அரிசி வாங்கக் கொடுத்த முகவரியும் ஆதார் எண்ணும் அதில் இருந்ததாகச் செய்தி. அரிசி வாங்குபவருக்கு அவற்றைக் கொடுக்காமல் இருக்கும் வாய்ப்பு இல்லை என்பதை இங்கே மறக்கக்கூடாது.

இரத்தமும் விவரமே. இந்தியாவில் அரிவாள் வடிவ இரத்த அணுப் பண்பு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடையேதான்; லேமனும் கட்புஷும் 1952-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசிகளின் ஈடுபாட்டோடு வளர்ந்த அஸ்வினி மருத்துவமனையும் அரிவாள் அணு நோய்க்கான சோதனையையும் சிகிச்சையையும் மலைக்குள் கொண்டுவந்தன. ரிவர்ஸுக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இங்கே இரத்தம் எடுத்தவர் ஊரிலேயே இருந்தார், முடிவை இரத்தம் கொடுத்தவரிடமே திருப்பிச் சொன்னார், மருந்தும் தந்தார். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதித்து அட்டை வழங்கத் திட்டமிட்டது. நோயைத் தடுக்க இது தேவை. ஆனால் ஒரு பெண்ணின் மரபணுச் செய்தியைத் தாங்கிய அட்டை கல்யாணப் பேச்சில் யார் கையில் போகும் என்பது சிறிய சமூகங்களில் பெரிய கேள்வி.

சமூக ஊடக நிறுவனங்கள் இந்த நீண்ட வரிசையின் கடைசியில் வந்து, முந்திய எல்லா ஏடுகளையும்விடப் பெரிய ஏட்டை எழுதின. எஸ்டேட் லயன் வீடுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் கைப்பேசி வந்தபின், பச்சைத் தேயிலை விலை, காட்டுமாடு நடமாட்டம், மழை எச்சரிக்கை, சாவுச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப்பில் போகின்றன. பயனுக்குக் குறைவில்லை. அதன் விலைதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2014-ல் முகநூல் நிறுவனம் வாட்ஸ்அப்பை வாங்கியபோது, பயனாளர்களின் தனிமை மாறாது என்று சொல்லப்பட்டது. 2016 ஆகஸ்டில் கொள்கை மாறி, கைப்பேசி எண் உள்ளிட்ட விவரங்களைத் தாய் நிறுவனத்தோடு பகிர வழி திறந்தது. 2021 ஜனவரியில் வந்த அடுத்த மாற்றத்தை ஏற்காமல் விலக வழி தரப்படவில்லை. இதை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், மெட்டா என்று பெயர் மாறியிருந்த முகநூல் நிறுவனத்தின் மீது 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பேசுவதற்காகக் கொடுத்த எண் விளம்பரத்துக்குப் பயன்படுவது, முன்பணத்துக்காகக் கொடுத்த ஊர்ப்பெயர் பிடியாணைக்குப் பயன்பட்ட அதே தடத்தில் செல்கிறது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018-ல் வெளிவந்தபோது, முகநூல் தந்த கணக்கு ரிவர்ஸின் வம்சாவளி முறையை நினைவுபடுத்தும். ஆளுமைச் சோதனை என்ற பெயரில் வந்த செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. அவர்களையும் அவர்களின் நட்பு வட்டத்தையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். உலக அளவில் இந்த எண்ணிக்கை 8.7 கோடி வரை. பொழுதுபோக்காகப் பதில் சொன்ன சிலரின் வழியே திரட்டிய விவரம் தேர்தல் பிரசாரத்துக்குப் போனது. அமெரிக்க வணிக ஆணையம் 2019-ல் முகநூலுக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதம் அரசுக்குச் சென்றது. அதிலிருந்து விவரம் இழந்தவருக்கு எதுவும் வரவில்லை.

இந்தியச் சட்டம் தனிமையை மெல்ல மெல்லத்தான் ஏற்றது. அதில் தமிழ்நாட்டு வழக்குகளுக்கு இடமுண்டு. நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல், தன் வாழ்வில் பிறர் தலையிடாமல் இருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது; ஆனால் பொது ஆவணத்தில் ஏறிய செய்திக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமியின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனிமையை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018-ல் ஆதார் திட்டம் நிலைநிறுத்தப்பட்டாலும், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்பதற்கு வழிவிட்ட பகுதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி மனுக்கள் வந்தன. இணையவழி அவதூறும் மிரட்டலும் பெருகியதே மனுதாரர்களின் காரணம். பாதிக்கப்பட்டவர்களின் துயரம் மெய்யானது. நீதிமன்றம் ஆதார் இணைப்பை விட்டுவிட்டு, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்று கேட்டது. முடியும் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி கருத்துத் தந்தார். மறைகுறியாக்கத்தை உடைக்க முடியாது என்று வாட்ஸ்அப் மறுத்தது. முகநூல் 2019-ல் உச்ச நீதிமன்றம் சென்று வழக்குகளை அங்கே மாற்றக் கோரியது, மாற்றமும் கிடைத்தது. இந்த வழக்கில் அரசு, நிறுவனம் இரண்டுமே மக்களின் பாதுகாப்பைத்தான் பேசின. ஒன்று குற்றவாளியைக் காட்டும் விவரத்தைக் கேட்டது. மற்றது தன் வணிகத்துக்கு எடுத்துக்கொண்டே அரசுக்குக் கொடுக்க மறுத்தது.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டும். பெயர், முகவரி, கைப்பேசி எண், வாகன எண், வருபவர் எண்ணிக்கை, தங்குமிடம், நாள் என்று இணையத்தில் பதிந்தால்தான் மலையேறலாம். எத்தனை வண்டிகளை மலை தாங்கும் என்று கணக்கிடுவதே நோக்கம். நெரிசலைக் கண்டவர்கள் அந்தத் தேவையை மறுக்க மாட்டார்கள். இருநூறு ஆண்டுகளாக வந்தவர்கள் மலையில் இருந்தவர்களை எழுதினார்கள். இப்போது வருபவர்கள் எழுதப்படுகிறார்கள். வண்டிகளை எண்ணச் சேர்த்த விவரத்தை எண்ணி முடித்தபின் அழிப்பதும் வேறெதற்கும் தராமலிருப்பதும், இவ்வேற்பாட்டின் நம்பகத்துக்குச் சோதனைகள்.

2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்குப் பெற்ற விவரத்தை அந்தக் காரியத்துக்கே பயன்படுத்தவேண்டும், பயன் முடிந்தால் அழிக்கவேண்டும் என்கிறது. அரசின் அமைப்புகளுக்கு அது தரும் விலக்குகள் பரந்தவை. முந்தைய வரைவுகள் உடல்நலம், மரபணு, சாதி, பழங்குடி ஆகிய செய்திகளைத் தனிக் காப்புக்குரியவையாகப் பிரித்திருந்தன. நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. நீலகிரிப் பழங்குடிகளுக்கு இது சிறிய இழப்பு அல்ல. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும். விவரம் கேட்கும் நிறுவனம் எதற்காகக் கேட்கிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும். தமிழ் அந்த 22 மொழிகளில் ஒன்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் படுக மொழியும், தோடா, கோத்தா, இருளா, குறும்பா மொழிகளும் அதில் இல்லை. இம்மொழிகளைப் பேசுவோர் அறிவிப்பைத் தமிழில்தான் படிக்கவேண்டும், படிக்கத் தெரியாதவர் பிறரைக் கேட்டே உடன்பாடு தரவேண்டும்.